தராசில் வைத்த சோறு

11-6-2007, திங்கள்
இன்றும் லீவு. நெசவாளர் சங்கத்தில் பட்டும் ஜரிகையும் நான் வந்து எடை போடக் காத்துக் கிடக்கும். கிடக்கட்டும். போன வாரம் ஜெசிந்தா பள்ளிக்கூடப் பிரேயரில் மயங்கி விழுந்ததும், சத்து இல்லை என்று டானிக் வாங்கிக் கொடுத்தேன். இன்று சென்னையில் டாக்டர் காந்தா வேறு மாதிரி சொல்கிறார். சாப்பிடவே பயப்படுகிற வியாதியாம். ப்ளஸ் டூ படிக்கிற பெண்ணுக்குச் சோற்றைப் பார்த்தால் பயம். எனக்குச் சோறு இல்லை என்றால்தான் பயம், தொந்தியே சாட்சி. எழுதிவிட்டேன், சிரிப்பு வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் நான், என் வீட்டுக்காரி லில்லி, பெண், மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம்.

13-6
டாக்டரின் ஏற்பாடு: சாப்பிட உட்காரும்முன் பயம் எவ்வளவு என்று பத்துக்குள் ஒரு எண்ணை எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். பயம் கூடினால் எண்ணும் கூடும். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் உடனே தைரியம் சொல்லிப் பதில் போடும். எட்டைத் தாண்டியே வந்துகொண்டிருந்தால் டாக்டரே கூப்பிடுவார். அடிக்கடி பஸ் ஏற வேண்டாம், முற்றுவதற்குள் பிடித்துவிடலாம் என்கிறார். வீட்டில் இருப்பது என் செல் ஒன்றுதான். நான் வீட்டில் இருக்கும் சாப்பாட்டு வேளைகளில் அதை அவளிடம் கொடுத்துவிட வேண்டும், நான் எதையும் படிக்கக் கூடாது. பதிலெல்லாம் இங்கிலீஷாம், ஒன்பதாவது ஃபெயிலானவனுக்கு இந்தக் கண்டிப்பு தேவையே இல்லை.

18-6, திங்கள்
பயத்துக்கு ஏது எண்? எனக்கு நம்பிக்கை வரவில்லை. சங்கத்தில் கழித்துப் போட்ட எலக்ட்ரானிக் தராசைக் கேட்டு வாங்கி வந்தேன். நெசவாளிக்குப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்போம். புடவையாக வரும்போது மறுபடி போடுவோம். குறைந்தால் கேட்போம். இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. அதை அவள் தட்டில் காட்டினேன். உட்காரும்போது ஒரு எடை, எழுந்திருக்கும்போது ஒரு எடை.

லில்லி கரண்டியோடு நின்று பார்த்தாள். "பொண்ணயா பெத்த, பொடவயா நெய்ஞ்ச?"

 எடை குறையும்போது நெசவாளிகள் என் முகத்தைப் பார்ப்பார்களே, அப்படி ஜெசிந்தா பார்த்தாள்.

20-6
நேற்றும் இன்றும் தட்டு காலி. கிராம் கணக்கு சுத்தம்.

23-6, சனி
மத்தியானம் சங்கத்தில் இருக்கும்போது டாக்டர் கூப்பிட்டார். போன திங்கட்கிழமையிலிருந்து ஒன்பது, பத்து என்றே வருகிறதாம். கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு, பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், நானே எடை போட்டுப் பார்க்கிறேன் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

 "எதை எடை போடறீங்க?" என்றார்.

சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நன்றாக இல்லை.

வீட்டுக்கு வந்து ஜெசிந்தாவிடம் கேட்டேன். "தட்ட காலி பண்றது ஈஸிபா. நீ தட்டத்தான பாத்துக்கினு இருக்க."

நான் முகம் திருப்பிய நேரத்தில் சோறு எங்கோ போயிருக்கிறது. எங்கே என்று கேட்கவில்லை. என்னை ஏமாற்றியவள் அந்தக் கம்ப்யூட்டரை ஒரு வேளைகூட ஏமாற்றவில்லை. ஏன்? அது முறைக்காது. பாக்கி எங்கே என்று கேட்காது. நான் அப்பனா, எடை போடற ஆளா? இன்னா வேலை பண்ணி வெச்சிருக்கறேன் —

25-6
தராசைத் திருப்பிக் கொடுத்தேன். கூட வேலை செய்யும் துரைக்கண்ணு, ரிப்பேரா என்று கேட்டான். ஆமாம், கொண்டு போன ஆள் ரிப்பேர் என்றேன். சிரித்தான்.

5-7
கூட உட்கார்ந்து நானும் சாப்பிட வேண்டும், அவள் தட்டைப் பார்க்கக் கூடாது. இது டாக்டர் எனக்குக் கொடுத்த வைத்தியம். சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். ஜூலை மாத விசேஷங்கள் எல்லாம் மனப்பாடம்.

30-7
சென்னை போய் வந்தோம். சின்ன முன்னேற்றம் என்கிறார் டாக்டர். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அரை இட்லிக்கு முக்கால் மணி நேரம். தினமும் சங்கத்துக்கு லேட். எனக்கு உடம்பு அல்ல, வேறு ஏதோ அசந்து போகிறது. லில்லியும் பேச்சைக் குறைத்துவிட்டாள்.

11-8
காலை ஒரு பிடி, இரவு ஒன்றுமில்லை. அழுதாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

26-8, ஞாயிறு
காலையிலிருந்து கரண்ட் இல்லை. மத்தியானம் சாப்பிட உட்காரும் நேரத்துக்குச் செல் அணைந்துவிட்டது. ஜெசிந்தா அதன் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். கீழே வைத்தாள். இன்றைக்கு இவ்வளவுதான், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"உன்கிட்டயே சொல்லிடறன்பா. ஏழு."

இந்த இடத்தில் கம்ப்யூட்டர் என்ன பதில் போடும்? ஒன்றைக்கூட நான் படித்ததில்லையே. வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டு, "சரிம்மா" என்றேன். 

சாம்பாரை அவளே ஊற்றிக்கொண்டாள்.