நானாவின் ஐம்பது காலடிகள்

நானா,

அலுமாரியைத் திறந்தால் இன்னும் உங்கள் தைல வாசம்தான் வருகிறது. நாளைக்கு உங்கள் ஜேர்சியை எடுத்து வைக்கச் சொன்னார்கள். எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். உம்மா இப்போதுதான் தூங்கினா. உங்களுக்கு எழுதுவதைக் கண்டால் மறுபடி அழுவா. அதனால் போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

நாளைக்கு ரக்பி மேட்ச் தொடங்க முன்னால் உங்களைப் பற்றி யாராவது பேச வேண்டுமாம். உங்கள் கேப்டன் வீட்டுக்கு வந்து, உங்கள் தங்கை என்று என்னைத்தான் கேட்டார். "நங்கி, உங்க நானா கடைசி வரைக்கும் ஸ்பீட் கொறயாத விங்கர்னு சொல்லுங்க. அது போதும்," என்றார் சிங்களம் கலந்த தமிழில். வாப்பாவும் தலையாட்டினார். கூட்டத்துக்குப் பயம்தான். அதைவிட அந்த ஒரு வசனத்துக்குப் பயம்.

ஞாயிறு காலைகளில் நீங்களும் நானும் ஹந்தானை மலைக்கு ஏறும் வழியிலுள்ள புல்வெளிக்குப் போவோம். அங்கே கோடும் இல்லை, கம்பமும் இல்லை. வெள்ளைக் கல்லிலிருந்து ஐம்பது காலடி எட்டி நடந்து, முடிகிற இடத்தில் ஒரு செருப்பை வைப்பீர்கள். பிறகு கல்லிலிருந்து செருப்பு வரை ஓடுவீர்கள். நான் ஸ்டொப்வோச்சை அமுக்குவேன். "டேப் ஒண்டு கொண்டு வரட்டா?" என்று ஒருமுறை கேட்டேன். "என்னத்துக்கு? என்ட கால் பொய் செல்லாது," என்றீர்கள்.

முதல் வருடம் உங்கள் செருப்பு புல்வெளியில் நின்ற ஜம்பு மரத்தையும் தாண்டிக் கிடந்தது. தொடை நரம்பு இழுத்துக்கொண்ட பிறகு எல்லாரும் ஒரே கதைதான் கதைத்தார்கள். மீன் கடைக்காரர் என்னைக் கண்டாலே, "உங்கட நானாட எஞ்சின் முடிஞ்சி புள்ள. இனி பாட்ஸுக்குத்தான் விக்கணும்," என்பார். கிளப் அடுத்த வருடத்துக்கு உங்களை எடுக்குமா என்று தெரியவில்லை. எடுக்காவிட்டால் கலகெதரையில் வாப்பாவின் துணிக்கடைதான். "கடையில குந்தினா நான் செத்துருவன்டி," என்று சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். ஆனால் சிரிப்பு கண்ணுக்கு வரவில்லை.

அந்த நாட்களில் ஒரு ஞாயிறு ஓடி முடித்துவிட்டு, மூச்சு வாங்க என்னிடம் வந்தீர்கள்.

"செல்லு. ஸ்பீட் கொறஞ்சீக்கா?"

ஸ்டொப்வோச்சில் போன வருடத்து நேரமேதான் இருந்தது. ஆனால் செருப்பு ஜம்பு மரத்துக்கு இந்தப் பக்கம், இரண்டு கட்டில் நீளம் முன்னாலேயே கிடந்தது. வலிக்கிற காலால் நடந்ததில் உங்கள் ஐம்பது காலடியும் சுருங்கிவிட்டது. நீங்கள் குறைந்த தூரத்தைத்தான் அதே நேரத்தில் ஓடினீர்கள். நான் மரத்தையும் பார்த்தேன், உங்கள் முகத்தையும் பார்த்தேன்.

"இல்ல நானா. அப்பிடியே ஈக்கி."

டவுனுக்குக் கூட்டிப் போய் எனக்குப் பலூடா வாங்கித் தந்தீர்கள். "இவதான் என்ட கோச்," என்று கடைக்காரரிடம் சொன்னீர்கள். நான் அதைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் உங்கள் கடைசி மேட்ச். கடைசி நிமிடங்களில் பந்து உங்கள் கைக்கு வந்தது. முன்னால் ஒருவரும் இல்லை. பழைய நானா என்றால் தனியாகவே போயிருப்பார். பின்னால் எதிரணியின் சின்னப் பெடியன் ஒருவன் துரத்திக்கொண்டு வந்தான். அவன் பிடிக்க முன்னமே நீங்கள் பந்தை உள்பக்கம் கொடுத்தீர்கள். கேப்டன் வாங்கிக்கொண்டு ஓடி, கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ட்ரை போட்டார். அந்தப் பாஸுக்காகவே அடுத்த வருடமும் உங்களை எடுப்பதாகக் கிளப்பில் சொன்னார்கள்.

வீட்டுக்கு வரும்போது த்ரீவீலரில் கேட்டேன். "தனியாவே போயிருக்க ஏலுமே நானா?"

"புடிச்சிருப்பான்டி. எனக்குத் தெரியும்தானே," என்றீர்கள். பிறகு என் தலையில் மெதுவாகக் குட்டினீர்கள். "ஒனக்கும் தெரியும்."

எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்க நிறைய நாள் இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு கிழமையில் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாளில் போய்விட்டீர்கள்.

புல்வெளியில் என்னால் சொல்ல முடியாமல் போனதை நாளைக்குச் சொல்லப் போகிறேன் நானா. என் நானாவின் வேகம் குறைந்திருந்தது, அது அவருக்கே தெரிந்திருந்தது, அதனால்தான் அன்று பந்தைக் கொடுத்தார் என்று. வாப்பா தலையைக் குனிந்துகொள்வார். கேப்டனுக்கு மட்டும் நான் விளக்க வேண்டியிருக்காது. அந்தப் பந்தை வாங்கியவர் அவர்தானே.