நம் வலிக்குக் காரணம் கழுத்தில் இருந்தது

என் ஆசை அக்காவுக்கு,

கிட்னி கெட்டு நீ போன பிறகு, காசிமேட்டில் உன் இடத்தில் நான்தான் மீன் கூடையோடு உட்காருகிறேன். உன் கால்வலியும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

நம் பெண்களுக்குக் கால் வலித்தால் டாக்டர் எதற்கு? பக்கத்துக் கூடைக்காரி இடுப்பில் செருகிய சுண்ணாம்புச் சத்து மாத்திரையில் ஒன்றைக் கிள்ளிக் கொடுப்பாள். நீ எனக்குக் கொடுத்தாய், நான் ஊருக்கே கொடுத்தேன். பெரிய வள்ளல்கள் நாம்!

சில மாதங்களுக்கு முன் தாகமும் வாந்தியுமாகப் படுத்துவிட்டேன். ரத்தம் சோதித்த டாக்டரம்மா, "சுண்ணாம்புச் சத்து குறையலம்மா, ரொம்ப ஏறிக் கிடக்கு" என்றார். இடுப்பில் செருகியிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன். மாத்திரையை நிறுத்தி, சலைன் ஏற்றியும் அது முழுசாக இறங்கவில்லை. "மாத்திரை மட்டும் காரணமில்ல. ஏன் ஏறுச்சுன்னு கண்டுபிடிச்சே ஆகணும்" என்று இன்னொரு பரிசோதனை எழுதினார்.

கழுத்துச் சுரப்பி ஒன்று ரத்தத்தில் விடும் ஹார்மோனை அளப்பதாம் அது. குறைவாக இருந்தால் புற்றுநோயா என்று உடம்பெல்லாம் தேட வேண்டும். கூடுதலாக இருந்தால் கோளாறு அந்தச் சுரப்பியில்தான். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

கூடுதலாகத்தான் இருந்தது. கழுத்துக்குள் உளுந்து அளவில் அப்படி நாலு சுரப்பி இருக்கிறதாம், அக்கா! அதில் ஒன்று வீங்கி, எலும்பிலிருக்கும் சுண்ணாம்பை உருவி ரத்தத்தில் விட்டிருக்கிறது. அதை வெட்டி எடுத்ததும் ரத்தம் சரியாகிவிட்டது. இத்தனை பெரிய உடம்பை இத்துனூண்டு உளுந்து ஆட்டிப் படைக்குமா? இன்னும் நம்ப முடியாமல் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டில் வேறு யாருக்காவது கிட்னியில் கல், எலும்பு முறிவு உண்டா என்று கேட்டார்கள். உனக்கு மூன்று முறை கல் வந்ததையும் கூடை தூக்கும்போது மணிக்கட்டு முறிந்ததையும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவங்களுக்கும் இதுவே இருந்திருக்கலாம். இனிமே உறுதியா சொல்ல முடியாது." அங்கேயே அழுதுவிட்டேன். உனக்கு ஏன் இப்படி வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே, அக்கா? நானும்தானே கேட்கவில்லை?

போன வாரம் உன் மகள் செல்விக்குக் கல் வந்தது. "எனக்கு இன்னாத்துக்கு சித்தி டெஸ்ட்டு? தண்ணி குச்சா போய்டும்" என்கிறாள்.

"உங்கம்மாவும் இதான் சொல்லிகினு இருந்தா. அவளை நம்பி வுட்டுட்டேன். உன்னை நம்ப மாட்டேன், கெளம்பு" என்றேன்.

திங்கட்கிழமை அழைத்துப் போகிறேன். காரணம் தெரியும்வரை அவளை விடமாட்டேன், இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
ராணி