'மாப்ள' என்ற சாட்சி

தல்லாகுளம், வக்கீல் ஆபீஸ்
12.08.2025, செவ்வாய், காலை 11.40
மிச்சம்: ஏழு விரல்

அன்புள்ள ராம்கிக்கு,

தமிழ்மாறன் எழுதுவது. வழக்கம் போல 'மாப்ள' என்று தொடங்கப் போய் நிறுத்திவிட்டேன். அந்த வார்த்தையால்தான் என் நஷ்டஈட்டு கேஸ் நேற்று தள்ளுபடியானது. ஷார்ஜாவில் இருக்கும் உனக்கு உன் தாய்மாமன் இதைச் சொல்லியிருக்க மாட்டார். வாட்ஸப்பில் நீ பதில் போடுவதில்லை. வாய்ஸ் அனுப்ப இனி எனக்கும் பயம். அதனால் தபால்.

நம் பட்டறையில் தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில், அடியை நிறுத்தும் கிளட்ச் கீ தேய்ந்து, ஒரு மிதிக்கு இரண்டு அடி விழுந்துகொண்டிருந்ததை உனக்குக் காட்டினேன். உன் தாய்மாமன், நம் முதலாளி கண்ணுச்சாமிக்கும் படம் எடுத்து அனுப்பினேன். அவர் வாய்ஸில் சொன்னார்: "மாப்ள, இந்த ஆர்டர் முடியட்டும்டா. பாத்து ஓட்டு, பொறவு மாத்திருவோம்." நான் "சரி மாமா" என்று போட்டேன். அந்த வாரமே, இரண்டாவது அடியில், இடது கையில் மூன்று விரல் போயின. பைக்கில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தது நீதான்.

அவருக்கு எல்லாம் தெரியும் என்பதற்கு அந்த வாய்ஸைத்தான் சாட்சியாகக் கொடுத்தேன். அவருடைய வக்கீல் அதைப் போட்டுக் காட்டி, 'மாப்ள' வந்ததும் நிறுத்தினார். பையன் சொந்தக்காரனாம், சம்பளம் கிடையாதாம், சும்மா ஒத்தாசைக்கு வந்து போனவனாம். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன் ஒத்தாசைக்கு விரலை உள்ளே விட்டானாம்! அதையும் ஒப்புக்கொண்டுதான் உத்தரவு போட்டிருக்கிறார்கள். மதுரையில் கண்டக்டருக்கும் நான் மாப்ள, டீ மாஸ்டருக்கும் மாப்ள. அம்புட்டுப் பேரும் எனக்குப் பொண்ணு கொடுக்கவா வரிசையில் நிற்கிறார்கள்?

சொந்தமாம். நாலு வருஷத்தில் முதலாளி வீட்டு வாசற்படி தாண்டி நான் போனதில்லை. தீபாவளிக்கு உனக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. எனக்குப் பேப்பர் கப்பில், வெளியே. அதைப் பார்த்து நீ தலையைக் குனிந்துகொண்டாய். காபியை மட்டும் மிச்சம் வைக்கவில்லை.

உண்மையான மாப்பிள்ளை நீ. தையில் அவர் மகள் சரண்யாதேவியோடு கல்யாணம். விசாரணைக்கு முந்தின மாசம் உனக்கு விசாவும் டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தது யார் என்று ஊருக்கே தெரியும். நான் வேலைக்காரனா விருந்தாளியா என்று சொல்லக்கூடியவன் நீ ஒருத்தன்தான். சனிக்கிழமை தோறும் என் பக்கத்தில் நின்று நீயும் சம்பளம் வாங்கினாய். மேல்முறையீட்டில் உன் வாக்குமூலத்தைச் சேர்க்க அனுமதி கேட்கலாம் என்கிறார் வக்கீல் தமிழ்வாணி. தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நடந்ததை மட்டும் எழுது, எனக்காக ஒரு வரி கூட்டாதே.

அந்த பிரஸ்ஸில் இப்போது விருமாண்டி நிற்கிறான். கீயை இன்னும் மாற்றவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் வேலை என்றால் தண்ணீர் நிறையக் குடி.

இப்படிக்கு,
ஏ. தமிழ்மாறன், டி.எம்.இ.
திருவாதவூர்

இனி நான் செய்யப் போவது:

1. வியாழக்கிழமை ஒத்தக்கடை போய் ஹைகோர்ட்டில் மேல்முறையீடு போடுவேன்.

2. அதற்கு முன், நாளைக் காலையிலேயே, அந்த பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லி தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு கொடுப்பேன். விருமாண்டிக்கு என் கையைக் காட்டுவேன்.

3. உன் வாக்குமூலம் வந்தால் சேர்ப்பேன். வராவிட்டால், உன்னைச் சாட்சியாக அழைக்கச் சொல்லி மனுப் போடுவேன். கல்யாணத்துக்கு ஊருக்கு வந்துதானே ஆகவேண்டும்.

4. உன் அம்மாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆஸ்பத்திரியில் எனக்குச் சோறு ஊட்டியவர். பரவை மார்க்கெட்டில் பார்த்தால், "நல்லா இருக்கீகளா அத்தை" என்றுதான் கேட்பேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் கேட்பேன்.