ஒரு குறுநாவலின் வில்லங்கங்கள்

மார்ச் 3, செவ்வாய்

1. இதை எழுதுபவன் சொத்துப் பத்திரங்கள் வரைவதைத் தொழிலாகக் கொண்ட வழக்கறிஞன். இரண்டு சிறுகதைத் தொகுப்புகளின் ஆசிரியனும்கூட. பின்னதை ஏற்க மறுப்பவர்கள் உண்டு. என் மனைவி எத்தரப்பிலும் இல்லை. அவள் இன்னும் படிக்கவில்லை.

2. எவருடைய தூண்டுதலுமின்றி, முழு நினைவோடு, தேநீர் அருந்தியபின் எழுதுகிறேன்.

மறக்கப்பட்ட குறுநாவல்களை மறுபதிப்புச் செய்யும் அச்சகக்காரர் இன்று என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய வரிசையில் கடைசியாக ஓர் இடம் மிச்சமிருக்கிறதாம். "சனிக்கிழமை சாயங்காலம் வாங்க சார், சும்மா பேசிட்டு இருப்போம். உங்களுக்குப் பிடிச்ச புத்தகத்தைச் சொல்லுங்க. ஆனா எழுதிக் கொண்டாந்துடாதீங்க. போன தடவை நீங்க எழுதினதைப் புரிஞ்சுக்க எனக்கு இன்னொரு வக்கீல் தேவைப்பட்டுது."

எனக்குப் பிடித்தது 'ஈரத் துண்டு'. ஒரு மழைக்காலம் முழுக்க ஒருவரோடொருவர் பேசாத கணவன் மனைவி. குளித்த துண்டை எங்கே உலர்த்துகிறார்கள் என்பதே அவர்களுக்கிடையிலான பேச்சு. எழுதியவர் ஒரு பல் மருத்துவர். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டுக் காலமானார். மறுபதிப்புக்கு அவருடைய மகள் சம்மதம் தந்திருக்கிறார். நான் விசாரித்தவரை மிஞ்சியிருப்பது என் பிரதி மட்டுமே. அதுவும் திறக்கும்போதெல்லாம் ஒரு தாளை உதிர்க்கிறது. இந்த இடம் கைநழுவினால் புத்தகம் என்னோடு முடிந்துவிடும்.

மார்ச் 4, புதன்

ஒத்திகையாக, மதியச் சாப்பாட்டின்போது சக வழக்கறிஞரிடம் பேச்சோடு பேச்சாக எடுத்தேன். நான்காம் அத்தியாயம் முழுவதும் தண்ணீர்க் குழாய் பழுதுபார்த்தல், வெறும் இழுவை. கணவனின் சகோதரி தொடக்கத்தில் அக்கா, இறுதியில் தங்கை. யார் முதலில் பேசினார் என்பது கடைசிவரை சொல்லப்படவில்லை — என்று தொடங்கினேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "சரிப்பா, யார் மேல கேஸ் போடணும்?"

தொழில் பழக்கம். விற்பனைப் பத்திரத்தில் வில்லங்கத்தை மறைத்தல் ஆகாது. ஆகவே எதைப் பற்றி வாய் திறந்தாலும் முதலில் வில்லங்கமே வந்து விழுகிறது. நல்லதைச் சொல்லும் கட்டம் வருவதற்குள் கேட்பவர் கை கழுவப் போய்விடுகிறார்.

மார்ச் 5, வியாழன்

மனைவியிடம் முறையிட்டேன். "எங்க அப்பாவைப் பார்க்க வந்தப்பவும் இதேதான். உட்கார்ந்ததும் உட்காராததுமா 'எனக்குக் குறட்டை உண்டு'ன்னீங்க. மனுஷன் ஆடிப்போயிட்டார்."

"இருந்தும் நீ சம்மதித்தாயே?"

"அது வேற கதை. சனிக்கிழமை புகழ்ந்து மட்டும் பேசுங்க. குறைன்னு ஒரு வார்த்தை வந்துது, வாசல்லயே நிக்க வேண்டியதுதான்."

மார்ச் 6, வெள்ளி

கண்ணாடி முன் நின்று புகழ்ந்து பழகினேன். கண்ணாடியில் இருந்தவரை என்னால் நம்ப முடியவில்லை.

மார்ச் 7, சனி

அச்சகத்தில் காகிதக் கட்டின்மேல் உட்காரவைத்தார். புகழ்ந்தேன். அப்பழுக்கற்ற படைப்பு என்றேன். ஒரு சொல்கூட மிகையில்லை என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு குறைகூட இல்லையா?"

"இல்லை."

"வக்கீல் சார், எங்க தாத்தா கட்டின வீட்டுப் பத்திரத்துல நீங்க பக்கம் பக்கமா ஓட்டை கண்டுபிடிச்சீங்க. இதுல ஒண்ணுமே இல்லையா? உண்மையைச் சொல்லுங்க, நீங்களே வேற பேர்ல எழுதினதுதானே?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"இருக்குய்யா! நிறைய இருக்கு! நாலாம் அத்தியாயம் இழுவை. அக்கா தங்கச்சி ஆயிடறா. யார் முதல்ல பேசினாங்கன்னு சொல்லவே இல்லை. எல்லாம் தெரியும். தெரிஞ்சும் வருஷா வருஷம் எடுத்துப் படிக்கிறேன். அந்தத் துண்டு கதவு மேல கிடக்கிற இடம் வந்தா ஒவ்வொரு தடவையும் கண்ணு கலங்குது. ஏன்னு கேட்காதீங்க. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

அவர் கையை மட்டும் நீட்டினார். "குடுங்க."

பையிலிருந்த என் பிரதியைக் கொடுத்துவிட்டேன். ரசீது வாங்காமல்!

மார்ச் 8, ஞாயிறு

ஒரே பிரதி. ரசீது இல்லை. வெளியே மழை வேறு. நான் படித்த சட்டமெல்லாம் எதற்கு?

மார்ச் 11, புதன்

காலையிலேயே தொலைபேசி. வணக்கம்கூட இல்லை.

"நாலாம் அத்தியாயம் இழுவைன்னு யார் சொன்னது?"

"நான்தான்."

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா சார்? ரெண்டு பேரும் சேர்ந்து குழாயை மாத்தறாங்க. அவர் கை நீட்டறதுக்கு முன்னாடியே அந்தம்மா ஸ்பேனரை எடுத்து வைக்குது. ஒரு வார்த்தை பேசாம! அங்கேயே சமாதானம் ஆயிட்டாங்கய்யா. அப்புறம் யார் முதல்ல பேசினா என்ன?"

இத்தனை ஆண்டுகள் அந்தப் பக்கங்களைப் பொறுத்துக்கொண்டேனேயன்றிப் பார்க்கவில்லை. மகிழ்ச்சி உண்டாயிற்று. உடன் பொறாமையும் உண்டாயிற்று. பின்னதை மறைப்பது முறையாகாது.

"அந்த அக்கா, தங்கை?" என்று இழுத்தேன்.

"அது பிழைதான். அப்படியே போடுவேன். எவனும் அதுல கை வைக்கக் கூடாது, நீங்க உட்பட!"

ஏப்ரல் 19, ஞாயிறு

அச்சுப்படி வந்தது. எழுத்துப்பிழை மட்டும் பார்ப்பதாகச் சொல்லி மனைவி தாள்கட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். அது காலையில்.

புத்தகம் இனி என் ஒருவனுடைய பொறுப்பில் இல்லை என்று ஓர் உறுதிமொழி எழுதி, சாட்சிக் கையெழுத்துக்காக அவளிடம் நீட்டினேன். அவள் தலை நிமிரவில்லை.

"முழுசாப் படிக்காம எதுலயும் கையெழுத்து போடாதேன்னு நீங்கதானே சொல்வீங்க? அப்புறம் வாங்க. இங்க குழாய் வேலை நடக்குது."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.

(ஒப்பம்) பத்திரம் வரைபவன்

சாட்சிகள்:
1. அச்சகக்காரர் — தொலைபேசி வழியே, உரத்த குரலில்.
2. மனைவி — கையெழுத்து நிலுவையில், படித்துக்கொண்டிருக்கிறார்.