மூத்தாள் சொன்ன சுருதி

நாள் 2. நிலையக் கடிகாரம் 07.10

நிலவின் மறுபக்கம். எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த குகைக்குள் ஒலி ஆய்வு நிலையம். பணியாளர் ஒருவர்: ஜெசிந்தா, ஒலிப் பொறியாளர். வெப்பம் சரி. காற்றழுத்தம் சரி. பிராணவாயு முள் உச்சியில்.

இதை எடுத்து வாசிப்பவர் யாராயினும், என் வேலை இதுதான்: பாறைக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்டு, எங்கே பொள்ளல், எங்கே கெட்டி என்று சொல்ல வேண்டும். சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்க்கிற அதே வேலைக்கு இவ்வளவு தூரம்.

பாறைக்குள் அனுப்பும் சுரங்களை மின்சாரத்தால் எழுப்ப இரண்டு சிந்தசைசர்கள். ஒன்று புத்தம் புதியது. மற்றது நான் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டது. வடபழனியில் மூடிப்போன ஒலிப்பதிவுக் கூடத்தில் வாங்கினேன். சூடேறினால் சுருதி மாறும், குளிர்ந்தால் சுருதி மாறும். ஆனால் தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரத்துக்கு அது வழுக்கிப் போவது போலப் புதியதால் போக முடியாது. அதனால்தான் எடையைப் பார்க்காமல் கொண்டுவந்தேன். பழையதற்கு மூத்தாள், புதியதற்கு இளையாள் என்று பெயர். ஒரே வீட்டில் இருவரையும் வைத்துக்கொண்டு படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

இளையாள், விளக்குகள், பதிவுக்கருவிகள் எல்லாம் நிலையத்தின் தலைமைக் கடிகாரத் துடிப்பில்தான் ஓடுகின்றன. மூத்தாள் யாருக்கும் கட்டுப்பட்டவள் அல்லள்.

நாள் 3. 08.00

கம்பத்தைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். குகைக்கு வெளியே இறங்குதளத்தின் ஓரம் ஒரு வானொலிக் கம்பம். அது ஒரே ஒரு சுரத்தை ஒலிபரப்பும். அந்தச் சுரத்தை உள்ளேயிருந்து கொடுப்பவள் இளையாள். என்னைத் திரும்ப ஏற்றிப்போக வரும் விண்வெளி ஓடத்தின் கணினி அந்தச் சுருதி பிசகாமல் இருந்தால் மட்டுமே அதைப் பிடித்துக்கொண்டு இறங்கும். நிலையத்தின் சூடேற்றியை அணைத்தால்கூட மின்கலம் கம்பத்தை ஐந்து மணி நேரம்தான் தாங்கும். ஆகவே குறித்த நேரத்துக்கு முன் அதை இயக்கக்கூடாது.

மறுபக்கத்துக்குப் பூமியின் வானொலி எட்டாது. இடையில் செய்தியைத் தூக்கிக்கொடுக்கும் செயற்கைக்கோள் இன்னும் வந்து சேரவில்லை. ஓடம் தலைக்கு மேல் வந்தால்தான் எனக்குப் பேச்சுத்துணை.

ஓட்டி லூர்து, என் கணவர் கஸ்பாரின் தம்பி. என்னை இறக்கிவிட்டுப் போகும்போது அனுப்பிய கடைசிச் செய்தியை இங்கே சேர்க்கிறேன்.

“மைனி, இருவத்தி நாலாம் நாள் மத்தியானம் வாரேன். ஒரு தடவ எறங்கி ஒரு தடவ ஏறத்தான் எரிபொருள் இருக்கு. கம்பம் கூப்பிட்டா அதப் புடிச்சு எறங்குவேன். கூப்பிடலன்னா குத்துமதிப்பா எறங்குவேன். ஒங்கள விட்டுட்டுப் போயி அண்ணன் மூஞ்சில எப்படி முழிக்க?”

தளத்தைச் சுற்றிலும் பிளவு. குத்துமதிப்பாக இறங்கினால் அவனும் போவான், நானும் போவேன். அதைச் சொல்லித் திட்டினேன். சிரித்தான். தூத்துக்குடிக்காரனின் சிரிப்பு, சொன்னதைச் செய்துவிடுவான்.

நாள் 6. 07.15

ஒலிக்கூடத்தில் கற்ற வழக்கம்: காலையில் முதல் வேலை சுருதி சேர்ப்பது. இன்று மூத்தாள் இளையாளைவிட ஒரு மயிரிழை ஏறியிருந்தாள். ஊரோடு ஒத்து வாழடி என்று குமிழைத் திருகி இறக்கிவிட்டேன்.

நாள் 9. 07.20

தினமும் இதே கூத்து. தினமும் ஒரு மயிரிழை மேலே ஏறுகிறாள். வயதானவர்களின் பிடிவாதம்.

எதிரொலிக் கருவியான டிலே பெடலும் சேர்ந்துகொண்டது. இதுவும் பழைய சரக்கு. ஒரு தட்டுக்கு ஒரு நொடி கழித்து எதிரொலி வர வேண்டும். கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தால் முந்திக்கொண்டு வருகிறது. பழையவை இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிட்டன.

தினமும் குமிழ் திருகி அலுத்துவிட்டது. ஒரு கேபிளால் இருவரையும் இணைத்துவிட்டேன். இனிக் காலை ஏழு மணிக்கு இளையாளே மூத்தாளைத் தன் சுருதிக்கு இழுத்து உட்காரவைப்பாள். எனக்கு ஒரு வேலை மிச்சம். என் சாமர்த்தியத்தை மெச்ச இங்கே ஆளில்லை.

நாள் 13. 19.40

பாறை வேலை நன்றாகப் போகிறது. வடக்குச் சுவருக்குப் பின்னால் பெரிய பொள்ளல். ஒரு தெருவையே உள்ளே வைக்கலாம்.

ஆனால் பிராணவாயு முள் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே நிற்கிறது. அது வெறும் வில்லும் முள்ளுமான பழைய ரக அளவி. பொய் சொல்லத் தெரியாது. எட்டு மணி ஆகுமுன்பே தூக்கம் கண்ணைச் சொருகுகிறது. காற்று மோசமோ என்று சோதித்தேன். காற்று நன்றாக இருக்கிறது. எனக்கு வயது ஏறுகிறது என்று எழுதிக்கொள்கிறேன்.

நாள் 16. 11.30

கசிவு இருக்கிறது. இல்லாமல் காற்று எங்கே போகும்? ஒரு நாளைக்கு ஆகவேண்டியதைவிட எட்டில் ஒரு பங்கு கூடுதலாக இறங்குகிறது.

பாறை வேலையை நிறுத்திவிட்டேன். ஒலிவாங்கியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, காதுப்பொறியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பொருத்தாகக் கேட்டேன். குண்டூசி முனையளவு ஓட்டை இருந்தாலும் சீறல் கேட்கும். என் இதயத் துடிப்புத்தான் கேட்டது, அதுவும் விரைவாக.

நாள் 19. 10.05

எல்லா மூட்டுக்கும் பசை அடித்தாகிவிட்டது. பழைய குருடி கதவைத் திறடி. முள் இறங்குகிறது.

கணக்குப் போட்டேன். லூர்து வரும் நண்பகலுக்குச் சில மணி முன்பே காற்று தீரும். முதலில் அவன் வந்துவிடுவான் என்று தோன்றியது. பிறகுதான் உறைத்தது. கம்பத்தை இயக்க நான் உயிரோடு இருக்க வேண்டும். கம்பம் கூப்பிடாவிட்டால் அவன் குத்துமதிப்பாக இறங்குவான். ஒரு பிணத்தைக் காப்பாற்றப் போய் அவனும் பிளவில் விழுவான்.

பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது?

நாள் 21. 16.00

மூச்சைச் சிக்கனமாக்கப் படுத்தே கிடக்கிறேன். நடப்பதில்லை, பாடுவதில்லை. கஸ்பாரிடம் பேசுவது போலப் பேசிப் பார்த்தேன், அதுவும் காற்றுச் செலவு என்று நிறுத்தினேன். முள் அப்படியும் இறங்குகிறது.

நாள் 22. 22.15

இதைக் கவனமாக எழுத வேண்டும்.

படுத்தபடி டிலே பெடலைத் தட்டிக்கொண்டிருந்தேன், துணைக்கு ஒரு சத்தம் வேண்டுமே என்று. தட்டு, எதிரொலி, தட்டு, எதிரொலி. கடிகாரத்தை எவ்வளவு முந்துகிறது என்று சும்மா எண்ணினேன். எட்டில் ஒரு பங்கு.

எட்டில் ஒரு பங்கு. காற்று கூடுதலாக இறங்குவதும் அதே எட்டில் ஒரு பங்கு.

பெடலுக்கும் காற்றுக் குப்பிக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. உறவே இல்லாத இரண்டு சாட்சிகள் ஒரே சொல்லைச் சொன்னால் பொய் சொல்வது எதிராளிதான்.

துணிப்பையைக் கவிழ்த்தேன். இசைக்கவை கிடைத்தது. பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் தட்டிப் பார்த்திருப்பீர்களே, அந்த இரும்புக் கவைதான். அதற்கு மின்சாரம் வேண்டாம், கடிகாரம் வேண்டாம். முழங்காலில் தட்டிக் காதில் வைத்தேன். பிறகு இளையாளை அதே சுரத்தைப் பாடச் சொன்னேன். ஏறக்குறைய ஒரு முழுச் சுரம் கீழே பாடினாள்.

கசிவு எங்குமே இல்லை. நிலையத்தின் தலைமைக் கடிகாரம் நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டே வந்திருக்கிறது. அதோடு சேர்ந்து எல்லாமே மெதுவாகின. எல்லாம் சேர்ந்து தாழ்ந்ததால் எதுவும் தாழ்ந்ததாகத் தெரியவில்லை. நாள் முழுவதும் அதையே கேட்ட என் காதும் கூடவே இறங்கிவிட்டது. மூத்தாள் ஒருத்திதான் இடத்தைவிட்டு நகராமல் நின்றாள். அவளைத்தான் தினமும் காதைத் திருகி உட்காரவைத்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள்; இந்தக் கடிகாரம் அதற்கு மேலும் தாக்குப்பிடித்தது.

ஏன் மெதுவாயிற்று? பாறையை அதிரவைக்கும் ஒலிபெருக்கியைக் கடிகாரப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்து அலறவிட்டேன். அதுவாக இருக்கலாம். தெரியாது.

தெரிந்தது இதுதான்: இந்தக் குறிப்பில் நான் எழுதிய நேரங்கள் பொய். நான் சுவாசித்த காற்றை வைத்துக் கணக்கிட்டால், கடிகாரம் காட்டுவதைவிட உண்மையில் ஒரு நாளுக்கும் மேலே கூடுதலாகப் போய்விட்டது. இருபத்து நான்காம் நாள் நண்பகல் நாளை மறுநாள் இல்லை. இந்தக் கடிகாரப்படி அது நாளைக் காலை ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் எப்போதோ.

நாள் 23. 04.50

இளையாள் கொடுக்கும் சுரத்தை ஓடம் ஏறெடுத்தும் பார்க்காது. ஆகவே அவளைக் கம்பத்திலிருந்து கழற்றிவிட்டு மூத்தாளைப் பொருத்தினேன். இசைக்கவையைத் தட்டித் தட்டி, இரண்டு ஒலிகளும் ஒன்றாகக் கரையும்வரை குமிழைத் திருகினேன். கம்பத்துக்கு மின்சாரம் மிச்சம் பிடிக்க நிலையத்தின் சூடேற்றியை அணைத்தாயிற்று. மூத்தாளுக்குக் குளிர் ஆகாது. என் போர்வை இரண்டையும் அவள்மேல் போட்டு, கேபிள்களோடு சேர்த்துச் சுற்றி மூடினேன். மன்னித்துக்கொள் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஐந்து மணி. கம்பம் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. ஐந்து மணி நேரம் கூப்பிடும்.

ஓடம் தரையில் சில நிமிடங்கள்தான் நிற்க முடியும். நான் தளத்தில் தயாராக நிற்க வேண்டும். அங்கி மாட்டிக்கொண்டு புறப்படுகிறேன். இசைக்கவை பையில். இனி நான் தலைக்கவசத்துக்குள் பேசுவதையும் வரும் செய்திகளையும் நிலையமே எழுத்தாக்கும்.

நாள் 23. 05.55. அங்கிப் பதிவு

கம்பத்தடியில் நிற்கிறேன். கறுப்பு. நட்சத்திரங்கள். தலைக்கவசத்துக்குள் மூத்தாளின் சுரம் கேட்கிறது, ஆடாமல் அசையாமல். இவ்வளவு அழகாக அவள் பாடி நான் கேட்டதில்லை. அவன் முன்பே வந்து போயிருந்தால்? இல்லை. அவன் போகமாட்டான். அதுதான் பயம்.

06.54. அங்கிப் பதிவு

வரும் செய்தி: “மைனி, இருக்கீயளா? கம்பம் கேக்கு. நல்லா கேக்கு. கணினி புடிச்சிட்டு. எறங்குதேன்.”

இருக்கிறேன் லூர்து. இருக்கிறேன். மேற்கே ஒரு பொட்டு வெளிச்சம் தெரிகிறது. வா, தம்பி. மெதுவாக வா.

06.59. அங்கிப் பதிவு

பொட்டு பெரிதாகிறது. அழுகிறேன், துடைக்க வழியில்லை, கண்ணாடி மங்குகிறது. கவசத்துக்குள் நிலைய மணி காட்டுகிறது, ஏழாக இன்னும் ஒரு நிமிடம்.

ஏழு.

கேபிள். நான் ஒன்பதாம் நாள் போட்ட கேபிள். போர்வைக்கு அடியில். கழற்றவில்லை.

07.00. அங்கிப் பதிவு

இறங்குகிறது. சுரம் இறங்குகிறது. இளையாள் இழுக்கிறாள்.

வரும் செய்தி: “மைனி, சத்தம் எறங்குதே. கணினி விட்டுட்டு. நீங்கதானா அது? மைனி? நான் மேல போவ முடியாது. குத்துமதிப்பா வாரேன்.”

வராதே. அப்படியே நில். அந்தச் சத்தத்தைக் கேட்காதே, கம்பத்தின் கேபிளைப் பிடுங்குகிறேன். பிடுங்கிவிட்டேன். கேள் லூர்து. இதே அலைவரிசையில் அங்கியின் வானொலியிலிருந்து என் குரல் வரும். நான் கம்பத்தடியில்தான் நிற்கிறேன். கவையைத் தட்டிக் கவசத்தின்மேல் வைக்கிறேன், இங்கே காற்று இல்லாவிட்டாலும் கண்ணாடி வழியாகக் கேட்கும். கேட்கிறது. அதே சுரத்தைப் பாடுகிறேன், கணினியை என் குரலைப் பிடிக்கச் சொல்.

இனிப் பேசமாட்டேன். பேசினால் சுரம் விட்டுப்போகும்.

07.01. நிலையத்தின் தானியங்கிப் பதிவு

சொல் இல்லை. ஒரே சுரம். மூலம்: ஜெசிந்தா. சுருதிப் பிழை: ஏறக்குறைய ஒரு சுரம் கூடுதல். திருத்தவும்.

07.02

ஒரே சுரம். மூச்சு இடைவெளி. ஒரே சுரம். சுருதிப் பிழை: கூடுதல். திருத்தவும்.

வரும் செய்தி: “புடிச்சிட்டு மைனி. புடிச்சிட்டு. நிறுத்திராதீங்க.”

07.04

ஒரே சுரம். மூச்சு இடைவெளி நீள்கிறது. அங்கியின் காற்று குறைவு. பணியாளர் ஓய்வெடுக்கவும். சுருதிப் பிழை: கூடுதல். திருத்தவும்.

07.05

தரை அதிர்வு. பதிவுக்கருவிகள் எல்லை தாண்டின.

ஒரே சுரம். நிற்கவில்லை. சுருதிப் பிழை: கூடுதல். திருத்தவும்.

07.06

வரும் செய்தி: “போதும் மைனி. வந்துட்டேன், எதிர்ல நிக்கேன். ஏறுங்க, அண்ணன் காத்துட்டு இருப்பாரு.”

சுரம் நின்றது.

நாள் 24. 07.00. நிலையத்தின் தானியங்கிப் பதிவு

பணியாளர் இல்லை; நேற்று ஓடத்தில் புறப்பட்டார். வெப்பம் குறைவு. காலைச் சுருதிச் சேர்ப்பு முடிந்தது. கருவிகள் அனைத்தும் ஒரே சுருதியில் உள்ளன. நேரம் சரியாக உள்ளது. பிழை ஏதும் இல்லை.