தாளாளர் கல்லில் ஒரு கோடு

ஜூலை 8, செவ்வாய்
மூன்றாம் வகுப்பில் ரத்தினக்கல் மன்றம் தொடங்கியாயிற்று. ஓடைப்பட்டி திராட்சைத் தோட்டத்து வரப்புகளில் பிள்ளைகள் ஆளுக்கொரு வெங்கச்சங்கல், அதாவது வெள்ளைப் படிகக்கல், பொறுக்கி வந்தார்கள். அதை வைத்துத் தேய்த்தால் கண்ணாடியில் கோடு விழும், புஷ்பராகத்தில் விழாது. இதுதான் முதல் பாடம்.

என் நிரந்தரப் பணி ஆணையில் தாளாளர் அய்யாத்துரை வியாழக்கிழமை கையெழுத்துப் போடுகிறாராம். புஷ்பராக மோதிரத்துக்கு அதுதான் உகந்த நாளாம். போடட்டும், எந்த நாளானால் என்ன!

ஜூலை 10, வியாழன்
கெட்டது காரியம். தாளாளர் வகுப்புக்கே வந்து மோதிரத்தைக் காட்டினார். "இந்தக் கல்லுதான் இத்தன வருசமா பள்ளிக்கூடத்த நடத்துது."

"கையக் காட்டுங்கய்யா" என்று என் மாணவி ஜெனிபர் தன் வெங்கச்சங்கல்லால் ஒரே தேய். கோடு!

"கண்ணாடிங்கய்யா."

வகுப்பே கைதட்டியது. சரியான விடைக்குக் கைதட்டச் சொல்லிக் கொடுத்தது யார்? நான்தான்.

அவருக்குக் கோபமே வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இம்புட்டு நாளா நடத்துனது யாரு டீச்சர்?"

"நீங்கதாங்கய்யா" என்றேன். மிரண்டுபோய்விட்டார்.

ஆணையில் கையெழுத்து இல்லை.

ஜூலை 15
நிஜக் கல் கிடைக்கும்வரை எதிலும் கையெழுத்துப் போட மாட்டாராம். ஆசிரியர்களின் மோதிரங்களை இரவல் வாங்கிப் பிள்ளைகளிடம் நீட்டுகிறார். எல்லாவற்றிலும் கோடு. ஸ்டாப் ரூமில் என்னோடு யாரும் பேசுவதில்லை.

ஜூலை 17, வியாழன்
"டீச்சர், ஒங்களுத மட்டும் பாக்கலையே" என்று ஜெனிபர் கையைப் பிடித்துவிட்டாள்.

என் மாமியார் கல்யாணத்தன்று போட்டுவிட்ட புஷ்பராக மோதிரம். அவர் வாய்க்குப் பயந்துதான் போட்டிருக்கிறேன். இதுவும் கண்ணாடி என்றால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? தேய் தேய் என்று தேய்த்தாள். கோடே விழவில்லை!

பார்த்துக்கொண்டிருந்த தாளாளர் கை நீட்டினார், கழற்றிக் கொடுத்தேன். அவருக்குச் சுண்டுவிரலில்தான் நுழைந்தது, அதுவும் பாதி. "இதுவும் வெரல்தான" என்று அமுக்கி ஏற்றினார். போட்டேவிட்டார் கையெழுத்து!!

ஜூலை 18
சோப்பு, தேங்காயெண்ணெய், வாட்ச்மேனின் பலம் — எதற்கும் மோதிரம் கழலவில்லை. தாளாளர் வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

"மோதிரம் எங்கத்தா?" என்று வீட்டில் மாமியார் கேட்டார். பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்றேன். பொய்யில்லையே.

ஜூலை 21, திங்கள்
ஆணை என் பீரோவில், மோதிரம் அவர் விரலில். கல்லில் எனக்கு நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனாலும் இன்று நிரந்தர ஆசிரியையாக முதல் கையெழுத்துப் போடும்போது, இடது கையில் ஜெனிபரின் வெங்கச்சங்கல்லைப் பிடித்துக்கொண்டேன்.