பூதப்பாண்டிக்குப் போக வேண்டிய விளக்கு

அத்தை, என் கையெல்லாம் நல்லெண்ணெய் மணம். சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. அம்மா விழித்தால் இந்த மணமே என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். நாளைக்கு எனக்கு இயற்பியல் பரீட்சை. நானோ பட்டறையில் செல்போன் வெளிச்சத்தில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் உன்னால்தான்.

வார்த்து முடித்த ஒவ்வொரு குத்துவிளக்கின் தட்டையும் கழற்றி, செங்கல்மேல் வைத்து, எண்ணெய் ஊற்றி, அடியில் தாள் விரித்து ராத்திரி முழுக்க விடுவாய். காலையில் தாளில் கறை இருந்தால் அந்தத் தட்டு மறுபடி உலைக்குப் போகும். நீ எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. திட்ட மட்டும்தான் செய்தாய். "ஏட்டி, டார்ச்ச நேரா பிடி." ஒருநாள் பேப்பரின் சினிமாப் பக்கத்தை விரித்துவிட்டேன். "கலர் பக்கத்துல கறை தெரியுமாட்டி? வெள்ளைத்தாள் எடு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாய்.

துபாய்க்காரர் ஒருவர் காரோடு வந்து நின்றது நினைவிருக்கிறதா?

"அக்கா, ஃபிளைட்டுக்கு நேரமாச்சு. இருக்கத கட்டித் தாங்க."

"ஒரு ஃபிளைட்டு போனா இன்னொண்ணு வரும். காலையில வா மக்கா."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "நீ இருந்தா நான் யாவாரம் செய்தாப்பிலதான்!"

"ஏலே, நீ போய் காப்பி குடி."

அவர் போய்க் காப்பி குடித்தார். உன் தம்பி அல்லவா.

ஆஸ்பத்திரியிலும் நீ அடங்கவில்லை. மருந்து பாட்டில் தொங்கிய கம்பியை, பட்டறையில் விளக்கைத் தட்டிப் பார்ப்பதுபோல விரல்முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, "ஓட்டச் சாமான்" என்று நர்ஸிடம் சொன்னாய். எனக்கு மானம் போயிற்று. அடுத்த வாரம் நீயும் போய்விட்டாய்.

இப்போது பட்டறையில் ஓயாத வேலை. கல்யாண மாதம். எண்ணெய் ஊற்றிப் பார்ப்பதை அப்பா நிறுத்திவிட்டார். நேற்று ஒரு தட்டில் ஊசிமுனை அளவு துளை இருந்தது. அதைச் சுத்தியலால் தட்டி மூடி, மெஷினில் மெருகு ஏற்றினார். இப்போது அதில் முகம் பார்க்கலாம். விடிந்ததும் பூதப்பாண்டியிலிருந்து பெண் வீட்டுக்காரர்கள் வாங்கிப்போக வருகிறார்கள்.

"அப்பா, எண்ணெ ஊத்திப் பாக்கலியா?" என்று கேட்டேன்.

"மெருகு போட்ட பெறகு எவனுக்குத் தெரியும்? ஒனக்குப் பரீட்சை இல்லியா? இனி அந்தப் பேச்சு கேட்டா தொலைச்சிருவேன்!"

அவர் கை ஓங்கவில்லை. ஆனாலும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். உட்கார்ந்து படித்தேன். படித்தது ஒன்றும் ஏறவில்லை. நீ சொன்னதுதான் காதில் நின்றது: "மணவறையில வெளக்கு அணஞ்சா வார்த்தவனையா ஏசுவாவ? வந்த பெண்ணத்தான் ஏசுவாவ." அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. எனக்கு எதற்கு இந்த வம்பு? நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இப்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

எல்லோரும் படுத்த பிறகு வந்து தட்டைக் கழற்றினேன். என்னை அறியாமல் விரல்முட்டியால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் எண்ணெய் ஊற்றினேன்.

முதலில் ஒன்றுமில்லை. அப்பாடா என்றிருந்தது. இப்போது பார்க்கிறேன், தாளில் மிளகளவு கறை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சொட்டு விழுகிறது.

துடைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது.

உள்ளே அப்பா இருமுகிறார். கட்டில் கிரீச்சிடுகிறது. தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டார் போல. பயமாக இருக்கிறது அத்தை. பேனா வழுக்குகிறது.

தட்டை மறைக்க இன்னும் நேரம் இருக்கிறது. நான் மறைக்கவில்லை. வாசலில் நின்றாலே கறை தெரியும்படி தாளைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைக்கிறேன்.

வெள்ளைத்தாள்தான். கத்தாதே.